தோப்புக்கு ஒரு சின்ன செயின்சா

தோப்பு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றேதான்: "மரம் அறுக்கிற மெஷின் ஒண்ணு வாங்கணும், எத்தனை சி.சி. வாங்கலாம்?" சி.சி.யைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். வருஷத்தில் எத்தனை தடவை அதைக் கையில் எடுப்பீர்கள், எடுக்காத மாதங்களில் அது எங்கே கிடக்கும், பல் மழுங்கினால் யார் தீட்டுவது? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் கடையில் நின்று குழம்ப வேண்டியதில்லை.

எங்கள் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் கஜா புயல் வரும்வரை செயின்சா என்பது மரம் வெட்டும் காண்டிராக்டரின் சாமான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பாதை, வாய்க்கால், மோட்டார் கொட்டகை என்று எல்லாவற்றின் மேலும் தென்னை. கோடாலியால் ஆகிற காரியமா அது? வெளியூரிலிருந்து மெஷினோடு வருகிற ஆட்களுக்காகக் காத்துக் கிடந்தோம். விழுந்ததை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. மட்குகிற தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிழைத்து நிற்கிற மரத்தின் குருத்தைப் பிறகு அதுதான் துளைக்கும். அந்தத் தவிப்பில்தான் தோப்புக்கொரு மெஷின் வாங்கும் ஆசை பரவியது. அப்போது வாங்கியவற்றில் பல இன்று சாக்குப் போர்த்திக் கொட்டகை மூலையில் கிடக்கின்றன. கயிற்றை இழுத்தால் தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம்.

உழைத்துத் தேய்ந்த மெஷின்கள் இல்லை அவை. சும்மா கிடந்தே கெட்டவை. எப்போதாவது எடுப்பவருக்கு ஏற்ற மெஷின் எது என்று என்னைக் கேட்டால், நெடுநாள் கிடந்தாலும் எடுத்த அன்றைக்கு ஓடுவதுதான்.

முதலில் எதை அறுக்கப்போகிறோம் என்று பார்ப்போம். வேலியோரத்துச் சீமைக்கருவேலம், காற்றில் முறிந்த மா, வேம்பு, பூவரசுக் கிளைகள், எப்போதாவது சாய்ந்த தென்னை ஒன்று. தோப்பு வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். கிளைகள் ஒரு சாண் கனத்தைத் தாண்டுவது அரிது. தென்னந்தண்டு ஓர் அடி விட்டம் இருக்கும். இதற்கு 14 அல்லது 16 அங்குல பார் (செயின் ஓடும் நீளத் தகடு) தாராளம். பாரைவிடக் கனமான மரம் வந்தாலும், இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி என்று அறுத்து முடித்துவிடலாம்.

கடைக்காரரோ 58 சி.சி., 22 அங்குலம் என்று பெரியதாக ஒன்றை எடுத்து மேஜைமேல் வைப்பார். பிராண்டு பெயர் உள்ள 30, 35 சி.சி. மெஷினைவிட அது விலையும் மலிவாக இருக்கும். ஆசை வரத்தான் செய்யும். பாரும் செயினும் மாட்டி, பெட்ரோலும் ஆயிலும் ஊற்றிய பிறகு அதை அரை மணி நேரம் குனிந்து பிடித்துப் பாருங்கள். சின்ன மெஷின் வெறும் எஞ்சினாக நாலைந்து கிலோ. அதுவே பழக்கமில்லாத கைக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கை சோர்ந்த பிறகு அறுக்கிற கடைசி மரத்தில்தான் விபத்து நடக்கும். நீளமான பாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி எதில் படுகிறது என்று நமக்குத் தெரியாது. பார் நுனியின் மேல்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைப்பதற்குள் நம் முகத்தை நோக்கி எகிறும். கிக்பேக் என்று சொல்வது இதைத்தான்.

சி.சி. அதிகமிருந்தால் தென்னை எளிதாக அறுபடும் என்பதும் சரியில்லை. வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. தென்னையும் பனையும் அந்தக் கணக்கில் புல். செயின்சா பிடித்தவனுக்கு அந்தப் பிரிவு கையிலேயே தெரியும். தென்னையின் வெளிச்சுற்று, அதுவும் அடித்தண்டில், பல்லைப் பதம் பார்த்துவிடும். உள்ளே போனால் நாரும் சோறுமாக வழவழவென்று இறங்கும். ஒரு மரம் துண்டு போடுவதற்குள் செயின் மழுங்கிவிடும். எங்கள் தோப்புக்கு மரம் வெட்ட வருபவர் ஒருநாள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "எஞ்சினா அண்ணே அறுக்குது? பல்லுல்ல அறுக்குது. தீட்டுன செயினு இருந்தா இத்தனூண்டு மெஷினே போதும்ணே." அவரிடம் இருந்ததும் சின்ன மெஷின்தான்.

பல் எப்படி இருக்கிறது என்பதை மரத்தூளே சொல்லிவிடும். கூரான பல் செதில் செதிலாகத் தள்ளும். மாவு மாதிரிப் பொடியாக விழுந்தாலோ, மெஷினை அழுத்தினால்தான் இறங்குகிறது என்றாலோ, அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போனாலோ நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும். வட்ட அரம்தான், ஆனால் கையில் கிடைத்த அரமெல்லாம் ஆகாது. சின்ன மெஷின்களில் பரவலாக வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. அரம்; .325 செயினுக்கு 4.8 மி.மீ. பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தள்ளும்போது மட்டும் அழுத்தி, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி இருக்கும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் கூராக இருந்தால் அறுப்பு கோணலாகத்தான் போகும். பழகிவிட்டால் டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை.

இந்தப் பல் பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, 1946-ல் ஒரு மரக்கட்டையில் வண்டுப்புழு ஒன்று இடமும் வலமுமாக வாயை அசைத்து மரத்தைக் குடைந்து போவதைக் கவனித்தார். அந்தத் தாடையைப் பார்த்துத்தான் புதுச் செயினை வடிவமைத்தார். இன்று நாம் வாங்கும் செயின்களெல்லாம் அதன் வாரிசுகள். தென்னையைக் குடையும் வண்டை விரட்ட நாம் அறுக்கிறோம். அறுக்கிற பல்லே ஒரு வண்டுப்புழு கற்றுக்கொடுத்தது!

அடுத்தது பெட்ரோலா, கரண்டா, பேட்டரியா என்பது.

பெட்ரோல் மெஷினை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். தோப்பு பெரிதென்றால், வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் அதுதான் வழி. ஆனால் பராமரிப்பு அதிகம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றிருந்தால் 40 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கலந்த எண்ணெய் மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கார்புரேட்டருக்குள் பிசின் கட்டும், அதிலுள்ள மெல்லிய டயாஃப்ரம் விறைத்துப் போகும். மூலையில் கிடக்கிற மெஷின்கள் பலவற்றின் வியாதி இதுதான். வேலை முடிந்த அன்றே டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, மெஷினை ஸ்டார்ட் பண்ணி அதுவாக அணையும்வரை ஓடவிட வேண்டும். மறுபடி எடுக்கும்போது புதுப் பெட்ரோல். இந்த ஒழுங்கு நமக்கு வராது என்று தோன்றினால் பெட்ரோல் மெஷின் வாங்க வேண்டாம்.

கரண்ட் மெஷினை நம் ஆட்கள் மதிப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வீட்டைச் சுற்றியோ மோட்டார் கொட்டகையைச் சுற்றியோதான் வேலை என்றால் 1,800, 2,000 வாட்ஸ் கரண்ட் மெஷின் அருமையான பொருள். கார்புரேட்டர் இல்லை, கயிறு இழுக்க வேண்டாம், ஒரு வருஷம் கழித்து எடுத்தாலும் சுவிட்சை அழுத்தினால் ஓடும். வயரில்தான் கஞ்சத்தனம் கூடாது. 2,000 வாட்ஸ் என்றால் 9 ஆம்பியர் இழுக்கும். டேபிள் ஃபேனுக்குப் போடுகிற மெல்லிய வயரை நீளமாக இழுத்துவிட்டால் முனையில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடேறும். 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர் போடுங்கள். லைனில் மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். மழை ஈரத்தில் தொடவே கூடாது. வயரைத் தோள்மேல் போட்டுப் பின்பக்கமாக விட்டால் பாரின் வழியில் வராது.

பேட்டரி மெஷின்களில் கவனம் வேண்டும். இணையத்தில் 48, 88 வோல்ட் என்று பெரிய எண் அச்சிட்ட கையடக்க மெஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பேட்டரிக்குள் ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருந்தால், முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் மொத்தம் 21 வோல்ட்தான், ஓடும்போது 18. மேலே என்ன எண் ஒட்டினாலும் உள்ளே அதுதான். கொய்யா, எலுமிச்சை கவாத்துக்கு அந்த நாலு, ஆறு அங்குல மெஷின் கைக்கு அடக்கமாக இருக்கும், நானும் பயன்படுத்துகிறேன். தென்னைக்கு அது ஆகாது. ஒரு கையில் மெஷினும் மறு கையில் கிளையுமாகப் பிடித்து அறுக்கிறார்களே, அந்தப் பழக்கம் மட்டும் வேண்டாம். 36, 40 வோல்ட்டில் 14 அங்குல பாரோடு வருபவை நல்ல மெஷின்கள்தான், ஆனால் பேட்டரியின் விலை மெஷினோடு போட்டி போடும். நெடுநாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரேயடியாகத் தீர்ந்துபோய்க் கிடந்தால் பேட்டரி பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம்.

எந்த வகையானாலும் கடையிலேயே இரண்டைச் சோதித்துவிடுங்கள். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள தகட்டை முன்பக்கம் தள்ளினால் செயின் உடனே நிற்க வேண்டும். அதுதான் செயின் பிரேக். அது இல்லாத பெட்ரோல் மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அடுத்தது பாருக்கும் செயினுக்கும் போகும் ஆயில். பார் நுனியை ஓர் அட்டைக்கு நேரே பிடித்து வேகமாக ஓட்டினால் அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரும் செயினும் காய்ந்து கருகிப்போகும். அந்த ஆயில் டேங்கில் டிராக்டரிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை ஊற்றுகிற வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. அதிலிருக்கும் இரும்புத்தூள் பம்பை அடைத்துவிடும். பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஆயிலாவது ஊற்றுங்கள்.

அறுக்கும் முன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். வீட்டோர வேம்பில் கொடிக்கம்பி, மாட்டைக் கட்டிய ஆணி, தேர்தல் தட்டி அடித்த ஆணி என்று என்னவெல்லாமோ உள்ளே புதைந்திருக்கும். ஓர் ஆணி போதும், செயினின் கதை முடிந்தது. தரையில் கிடக்கும் தண்டென்றால் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கிக்கொள்ளுங்கள். பார் மண்ணில் பட்டாலும் அதே கதிதான். கைலியும் கழுத்துத் துண்டும் இந்த வேலைக்கு உடுப்பல்ல. பேன்ட், மூடிய ஷூ, கண்ணாடி, காதடைப்பு வேண்டும். பெட்ரோல் மெஷினின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். ஏணியில் நின்றோ தோளுக்கு மேலே தூக்கியோ அறுக்கக் கூடாது.

கரண்ட் கம்பிப் பக்கம் சாய்ந்த மரம், புயலில் வளைந்து முறுக்கேறி நிற்கிற மரம் இரண்டையும் நான் தொடுவதில்லை. முதலாவதுக்கு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும், இரண்டாவதுக்கு அனுபவப்பட்ட ஆளைக் கூப்பிட வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. சொந்த மெஷின் இருக்கிறது என்பதற்காக அதில் கை வைக்காதீர்கள்.

வருஷத்துக்கு ஒரு மரம்தான் விழுகிறது என்றால் மெஷினே வேண்டாம், ஆளுக்குக் கூலி கொடுப்பது லாபம். வீட்டைச் சுற்றிய வேலைக்குக் கரண்ட் மெஷின், தூரத்துத் தோப்புக்கு 30 முதல் 40 சி.சி.க்குள் 16 அங்குல பாரோடு ஒரு பெட்ரோல் மெஷின் என்பது என் தேர்வு. உங்கள் ஊரிலோ பக்கத்து டவுனிலோ அதற்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். பாரில் அச்சிட்டிருக்கும் பிட்ச், கேஜ், செயினின் டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, மெஷின் வாங்கும் அன்றைக்கே கூடுதலாக ஒரு செயினும் அதற்கான அரமும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.