நிப்பா தந்த பாடம்

கோலா கெத்தில் வட்டாரப் பெரியோர்களே, 1998–99இல் நம் நாட்டில் பரவிய மூளைக்காய்ச்சல் நினைவிருக்கிறதா? கொசுவால் வரும் நோய் என்றெண்ணி முதலில் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டறிந்தார். அதுவே நிப்பா. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் தொற்றியது. 105 பேர் இறந்தனர்.

மருத்துவர், கால்நடை மருத்துவர், வௌவால் ஆய்வாளர் எனப் பலரும் சேர்ந்து தேடியதால்தான் இது முழுமையாகத் தெரிந்தது. இத்தகைய கூட்டாய்வுக்கு அரசாங்கம் ஒதுக்கும் பணம், அடுத்த நோயை விரைவில் கண்டறிய உதவும்.

நீங்களும் உதவலாம். வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள். காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால், ஆடு, மாடு, கோழி, பன்றி என எதைத் தொட்டுப் பழகினீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.