மரபும் மேடையும்

கேள்வி: பூர்வகுடி மரபில் வந்த கலைஞர் நவீன மேடைக்குத் தலைமை ஏற்றால், மரபு சிதைந்துவிடாதா?

பதில்: தங்கள் அச்சம் நியாயமானதே, எனினும் ஆஸ்திரேலியாவில் 1989-இல் தோன்றிய பங்காரா நடனக் குழுவின் சரித்திரத்தை ஊன்றிக் கவனித்தால், மரபின் க்ஷேமம் பெரும்பாலும் தலைவருடைய அடக்கத்தைப் பொறுத்தது என்பது புலனாகும். 1991 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் கலை இயக்குநராக விளங்கிய ஸ்டீபன் பேஜ், பிரிஸ்பேன் நகரில் வளர்ந்த பூர்வகுடி மைந்தரேயாயினும், வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டில் வாழும் யோல்ங்கு மக்களின் ஆட்டங்களையும் பாடல்களையும் தம் சொந்த ஆஸ்தியாகப் பாவிக்கவில்லை. அம்மக்களில் ஒருவராகிய ஜாகபுரா முன்யாரியுன் என்னும் பாடகரைக் குழுவிலேயே மரபின் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். எந்தக் கதை எந்தக் குலத்துக்கு உரியதோ அந்தக் குலத்து முதியோரின் சம்மதத்தைப் பெற்று நிருத்தியம் அமைப்பதும், அமைத்ததை அவர்கள் ஊருக்கே கொண்டுபோய் ஆடிக் காட்டுவதும் அக்குழுவின் சம்பிரதாயம். 'ஓக்கர்ஸ்' என்ற அவர்களுடைய படைப்பு, மஞ்சள், கறுப்பு, சிவப்பு, வெள்ளை என நான்கு பகுதிகளாக விரிவது. சடங்குகளில் உடலில் பூசும் அந்த வர்ணங்களே, மேனியில் அப்பிய மண்பொடி அசைவுதோறும் உதிர, நகரத்து அரங்கிலும் ஆடுகின்றன. இதைவிட உயர்ந்த சங்கமத்தை நான் அறியேன்.

2023-இல் பேஜுக்குப் பின் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ரிங்ஸும் பூர்வகுடிப் பெண்மணியே. அக்குழுவிலேயே பல்லாண்டுகள் ஆடியும் நடனம் அமைத்தும் தேர்ந்தவர்.