என்ஜினைக் கடைசியில் பாருங்கள்

தாராவியிலும் செம்பூரிலும் இருந்துகொண்டே ஊரில் இரண்டு ஏக்கர் வாழை, ஒரு ஏக்கர் எலுமிச்சை என்று வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. தோல் பட்டறை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியில் காலூன்றி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. வயல் கணக்கு மட்டும் இன்றும் போனில் ஓடுகிறது. அந்தப் போனில் இப்போது அடிக்கடி வரும் பேச்சு இது: "அண்ணே, மருந்தடிக்க ஆளே கிடைக்கல. பம்பாய்ல விலை கம்மியாம்லா, ஒரு என்ஜின் பம்பு வாங்கி அனுப்புங்க."

அனுப்பலாம். கடைக்காரர் முதலில் "எத்தனை ஹெச்.பி.?" என்றுதான் கேட்பார். அதற்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். என்ஜின் கடைசியில் முடிவாக வேண்டிய சங்கதி. முதலில் பயிர், அடுத்து மருந்து பீய்ச்சும் முனை, அடுத்து ஹோஸ், அப்புறம் பம்பு, அதற்குப் பிறகே என்ஜின். வரிசையை மாற்றினால் தேவையில்லாத எடைக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.

பயிரிலிருந்தே தொடங்குவோம். ஒரு ஏக்கர் நெல், உளுந்து, காய்கறி என்றால் என்ஜினே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. 12 வோல்ட் பேட்டரி ஸ்பிரேயர் போதும். ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை என்று வைத்தால், 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க். ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை. இரண்டு மூன்று ஏக்கருக்கு முதுகில் சுமக்கும் பெட்ரோல் ஸ்பிரேயர் பொருந்தும். ஆனால் எடையைக் கணக்கில் எடுங்கள். இயந்திரம் 10 கிலோ, அதில் 20 லிட்டர் கலவை, ஆக 30 கிலோ. சேற்று வயலில் அதைச் சுமக்கப்போவது உங்கள் தம்பியா, ஐம்பதைத் தாண்டிய சித்தப்பாவா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

எலுமிச்சை, மா, உயர்ந்த வாழை என்றால் ஹெச்.டி.பி. பம்புதான். மூன்று பிஸ்டன் ஓடும் பம்பு, பக்கத்தில் பெட்ரோல் என்ஜின், வரப்போரம் டிரம், நீளமான ஹோஸ், நுனியில் கன். முதுகில் சுமை இல்லை. ஹோஸை இழுத்துக் கொடுக்க மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். தென்னைக்கென்று யாராவது பெரிய பம்பு கேட்டால் சற்று நிதானியுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை வேர் வழியாகத்தான் கட்டுகிறார்கள். அதற்குப் பம்பு எதற்கு?

கடையில் "22 நம்பர்", "30 நம்பர்" என்பார்கள். அது பிஸ்டனின் விட்டம், மில்லிமீட்டரில். 22 நம்பர் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் தள்ளும், 30 நம்பர் 35 லிட்டர் வரை. இதற்கு எத்தனை ஹெச்.பி. வேண்டும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டரோ அதை அழுத்தத்தால் பெருக்கி 450-ஆல் வகுங்கள். வருவதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 22 நம்பரில் 20 லிட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ அழுத்தம்: 600-ஐ 450-ஆல் வகுத்தால் 1.33, பாதி சேர்த்தால் 2 ஹெச்.பி. அவ்வளவுதான். ஒற்றை கன் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போலத்தான் எடுக்கும், மீதி ரிட்டன் ஹோஸ் வழியாக டிரம்முக்கே திரும்பி மருந்தைக் கலக்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு கன் வைத்து அடிக்கிற சிறு தோட்டத்துக்கு 22 நம்பரும் 2 ஹெச்.பி.யும் தாராளம். 30 நம்பரும் 3.5 ஹெச்.பி.யும் இரண்டு கன் ஒரே நேரத்தில் ஓட்டுபவருக்கு.

புல்லியையும் பாருங்கள். பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்றும், பம்பு 900 சுற்றினால் போதும். பம்புப் புல்லியின் விட்டம் என்ஜின் புல்லியைப்போல நாலு மடங்கு இருக்க வேண்டும், அல்லது இடையில் கியர் இருக்க வேண்டும். சின்னப் புல்லி மாட்டி வேகத்தைக் கூட்டிக் காட்டும் செட்டில் சீலும் வாஷரும் சீக்கிரம் தேயும்.

பெரும்பாலோர் ஏமாறுவது ஹோஸில். 8.5 மில்லிமீட்டர் ஹோஸில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஓடினால், 100 மீட்டர் கடப்பதற்குள் 10 கிலோவுக்கு மேல் அழுத்தம் தொலைந்துவிடும். ஓட்டத்தை இரட்டித்தால் இழப்பு இரட்டிப்பதில்லை, நாலு மடங்கை நெருங்கும். பம்பு மீட்டரில் 30 காட்டுகிறது, கன்னில் தண்ணீர் சொட்டுகிறது என்று என்ஜினைத் திட்டுபவர்களுக்கு நோய் ஹோஸில் இருக்கிறது. ஆகவே தோட்டத்தில் டிரம் வைக்கும் இடத்திலிருந்து கடைசி மரம் வரை காலால் அளந்து மீட்டர் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள். தூரம் அதிகமென்றால் அகலமான ஹோஸ் வாங்குவதோ, டிரம்மை நடுவில் வைப்பதோ, பெரிய என்ஜினைவிட மலிவு.

முனையைப் பற்றி ஒரே எச்சரிக்கை. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் கூம்பு முனை, களைக்கொல்லிக்கு விசிறி முனை. களைக்கொல்லியை ஹெச்.டி.பி. அழுத்தத்திலோ காற்று வீசும் பம்பிலோ அடிக்கவே கூடாது. பக்கத்து வயல் கருகினால் பஞ்சாயத்து வரை போகும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2017-ல் இதே மகாராஷ்டிரத்தில், யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்த ஆண்டு செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. வேகமாகப் பனிபோல் அடிக்கும் பவர் பம்புகள் பரவியிருந்தன. நுண்துளி மூச்சோடு உள்ளே போகும். பம்பின் வேகம் கூடக் கூட அடிப்பவரின் ஆபத்தும் கூடுகிறது என்பதை விற்பவர் சொல்லமாட்டார், நாம் சொல்ல வேண்டும். பம்பு வாங்கும் அன்றே அதே பில்லில் முகக்கவசம், கையுறை, கண்ணாடி வாங்குங்கள். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு. காற்று பக்கவாட்டில் வரும்படி நடக்க வேண்டும், அடித்த புகைக்குள் நடக்கக் கூடாது. இதைத் தம்பியிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே வாங்குவது? சயான், மாட்டுங்கா, செம்பூர் எங்கிருந்து ஏறினாலும் மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு நேர் ரயில். இறங்கி நடந்தால் நாக்தேவி தெருவில் இயந்திரம், ஹோஸ், கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆஸ்பீ என்ற பெயரில் ஸ்பிரேயர் செய்யும் அமெரிக்கன் ஸ்பிரிங் அண்ட் பிரெஸ்ஸிங் வொர்க்ஸ் 1946-ல் தொடங்கியதும் இந்த மும்பையில்தான். எந்தக் கம்பெனியானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இதன் வாஷரும் வால்வும் தென்காசியிலோ சங்கரன்கோவிலிலோ கிடைக்குமா? கிடைக்காதென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பணம் கொடுப்பதற்கு முன் பட்டாவைப் பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம், சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் முதலில் விண்ணப்பம், பிறகு கொள்முதல். அதுவும் அங்கீகரித்த மாடல் மட்டும். மும்பையில் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் எடுபடாது. பட்டா யார் பேரிலோ அவர் சிறு குறு விவசாயி சான்று எடுத்து, வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரித்த பிறகு மும்பை விலை, மானிய விலை இரண்டையும் ஒப்பிடுங்கள். பல நேரம் ஊரில் வாங்குவதே லாபம்.

இந்தப் பம்பையே பிழைப்பாக்க நினைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. மும்பையில் பைக் மெக்கானிக்காகவோ ஜெனரேட்டர் வேலையிலோ இருந்து ஊர் திரும்புகிறவருக்குக் கூலிக்கு மருந்தடிப்பது நல்ல தொழில். கார், பிசானம் இரண்டு போகத்திலும் வேலை, வாழையும் எலுமிச்சையும் இருந்தால் நடுவிலும் வேலை. பம்பு வாங்குவதற்கு முன்பே பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பேசி வாக்கு வாங்கிவிடுங்கள். டேங்க் கணக்கிலோ டிரம் கணக்கிலோ கூலி பேசும்போது பெட்ரோல், உதவி ஆளின் சம்பளம், வெடிக்கும் ஹோஸ், வேலையில்லா மாதங்கள் எல்லாம் உள்ளே இருக்கட்டும். மருந்தைத் தோட்டக்காரரே வாங்கித் தரட்டும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் நீங்கள் விற்கக் கூடாது. தொடர்ந்து அடிப்பவர் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்வது கட்டாயம். அந்தச் செலவும் கூலிக்குள் வர வேண்டும்.

ரயிலில் பார்சல் போடும்போது டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டர் காலியாகித் தானே நிற்கும் வரை ஓட்டுங்கள். சீசன் முடிந்ததும் இதையே ஊரிலும் செய்ய வேண்டும், 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை மாதக் கணக்கில் தேங்கவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலவை அளவை, 25-க்கு 1-ஆ 50-க்கு 1-ஆ என்று, டேங்கின் மேலேயே பெயின்டில் எழுதி அனுப்புங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் முதல் 10 மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்ற வேண்டும். பார்சலோடு ஒரு வாஷர் செட், ஒரு பிளக், இரண்டு முனை. பம்பு ஊர் சேர்ந்ததும் முதல் ஓட்டம் மருந்தில்லாமல் வெறும் தண்ணீரில், உறிஞ்சும் குழாய் நன்றாக மூழ்கியிருக்கும்படி. தண்ணீரில்லாமல் இரண்டு நிமிடம் ஓடினாலும் சீல் கருகிவிடும்.