படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு

வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், பார்க்க வருகிற எல்லாரும் அவரைத்தான் விசாரிப்பார்கள். காபி கொண்டுவந்து கொடுக்கும் மகளிடமோ மருமகளிடமோ "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பவர் அபூர்வம். மாதக்கணக்கில் ராத்தூக்கம் இல்லாமல் ஓடுகிற அந்த உடம்பும் நோய்க்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கையில் அளந்து காட்டியது. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள் ஒரு பக்கம். ஏறக்குறைய அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள் மறுபக்கம். எல்லாருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டரில் ஒரு சின்னக் காயம் உண்டாக்கினார்கள். பராமரிப்பவர்களுக்கு அது ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் "எல்லாம் மனசுலதான்" என்று சொல்கிறவர்களுக்கு இது போதும்.

காரணம் பெரும்பாலும் கார்டிசால். நெருக்கடி நேரத்தில் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி இதைச் சுரந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். எதிர்ப்புச் சக்தியின் வேலையைக் கொஞ்சம் ஒத்திப்போடும். ஓரிரு நாளுக்கு இது உதவிதான். ராத்திரி இறங்க வேண்டிய நேரத்திலும் இறங்காமல் மாதங்கள் ஓடும்போதுதான் தூக்கம், சர்க்கரை, பிபி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுகின்றன.

செய்ய வேண்டியவை

• அம்மாவுக்கு பிபி பார்க்கும்போது உங்கள் கையையும் நீட்டுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர் வீட்டுக்கே வருவார், அவரிடமும் கேளுங்கள். 140/90-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் அதை "ராத்திரி தூங்கல, அதான்" என்று ஒதுக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

• ராத்திரியைப் பங்கு போடுங்கள். இதை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். ஒரே ஆள் அதைச் செய்தால் அவருக்குத் தூக்கம் என்று ஒன்றே இருக்காது. முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என்று பிரித்தால் இருவருக்கும் நாலைந்து மணி நேரமாவது தொடர்ந்து தூங்கக் கிடைக்கும். ஏர் பெட் போட்டிருந்தால் இடைவெளியை நீட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நீட்டாதீர்கள்.

• பழைய நூல் புடவையை நாலாக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வையுங்கள். ஆளுக்கொரு பக்கமாக விளிம்பைச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிச் சேர்ந்து தூக்கி நகர்த்தலாம். இடுப்பு தப்பிக்கும். அவர் தோலும் உராயாது.

• உதவி கேட்கும்போது நாள், நேரம் சொல்லிக் கேளுங்கள். "யாரும் எட்டிப் பார்க்கறதில்லை" என்றால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "தம்பி, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடு, மதியம் வரைக்கும் அப்பாவை நீ பார்த்துக்கோ" என்றால் நழுவுவது கஷ்டம். வர முடியாத அண்ணன் ஹோம் நர்ஸ் சம்பளத்தில் பங்கு கொடுக்கட்டும். பணமும் பராமரிப்புதான்.

செய்யக்கூடாதவை

• அவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை உடைத்து நீங்கள் போட்டுக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் நடக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. பழகிவிட்டால் விடுவது கடினம். ராத்திரி அவர் கூப்பிட்டால் எழுந்திருக்கவும் முடியாது.

• உங்கள் பிபி, சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே உங்களுடையதும் இருக்கட்டும்.

• அவர் மிச்சம் வைத்த கஞ்சியை அடுப்படியில் நின்றபடி குடித்துவிட்டு அதைச் சாப்பாடு என்று கணக்கு வைக்காதீர்கள்.

• நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ முதுகிலோ இடது கையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் "கேஸ்" என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் கடும் சோர்வும் குமட்டலுமாக மட்டுமே வரும். "நான் போயிட்டா இவரை யார் பார்ப்பாங்க" என்று தயங்க வேண்டாம். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

• பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று: "உனக்குப் புண்ணியம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பார்த்துக்கொள்கிறவரைக் குளித்துச் சாப்பிட அனுப்புங்கள்.

• எரிச்சலில் கத்திவிட்டதற்காகவோ, "இது எப்ப முடியும்" என்று மனதில் ஓடியதற்காகவோ உங்களை நீங்களே பாவி என்று தீர்மானிக்காதீர்கள். இந்த நிலையில் இருக்கும் பலருக்கும் அது ஓடுகிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் அது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.