சந்தன மரமும் வரிச் சலுகையும்

மரம் வளர்க்கும் நிலக்காரருக்கு வரியைக் குறைத்தால் காடு பெருகும் என்பர். பொருளியல் பயிலும் மாணவர் அம்மட்டில் நின்றுவிடலாகாது. அந்த மரத்தின் வருவாய் யாருக்கு உரியது என்பதை முதலில் வினவ வேண்டும். பெங்களூரில் வாழும் நமக்கு அதற்குச் சான்று அருகிலேயே உண்டு. அது கருநாடகத்துச் சந்தனம்.

1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசின் உடைமை என்று அறிவித்தார். அவர் ஆட்சி 1799இல் மறைந்தது, அவ்விதி மறையவில்லை. உழவர் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்கே உரியது; திருட்டுப் போனால் தொல்லை மட்டும் உழவருக்கு! வரப்போரத்தில் சந்தனக் கன்று தலைகாட்டினால் யார்தான் மகிழ்வார்? இந்நிலையில் வரிவிலக்கு என்ன செய்யும்? 2001இல் கருநாடக வனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே நிலத்துக்கு உரியவர் மரத்துக்கும் உரியவரானார்.

இனி வரியைப் பார்ப்போம். வேளாண்மை வருமானத்துக்கு நடுவண் அரசின் வருமான வரி இல்லை. மரம் விற்ற பணம் வேளாண்மை வருமானமா? 1957இல் ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படை உழைப்பு நிலத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். தானே முளைத்ததைக் காத்து வளர்த்தது மட்டும் போதாது. சந்தனமோ, பழம் தின்னும் பறவைகளால் விதை பரவி, இயற்கையாகவே பெருகும் மரம். ஆகவே மனிதர் நட்டதற்கு விலக்கு உண்டு. பறவை விதைத்ததற்கு இல்லை! நடுவதை ஊக்குவது நன்றே. ஆயினும், இயற்கைக் காட்டை அழிக்காமல் விட்டுவைப்பவருக்கு இச்சட்டத்தில் ஊக்கம் இல்லை என்பதே என் குறை.

விலக்குப் பெறுபவருக்கும் அது எவ்வளவு பயன்? சந்தனம் வயிரம் பாய்ந்து நல்ல விலைபெறப் பல்லாண்டு ஆகும். 30 ஆண்டு கழித்து மிஞ்சும் 1 ரூபாய் வரி, 6 விழுக்காட்டு வட்டிக் கணக்கில், இன்றைக்கு ஏறத்தாழ 17 காசுதான். வேலிக்கும் காவலுக்கும் ஆகும் செலவோ இன்றைய முழு ரூபாய். மரம் பருக்கப் பருக்கக் கள்வர் கண்ணும் விரியும். காவல் செலவும் ஏறும்.

இதனால், அறுவடைக் காலத்து விலக்கைவிடத் தொடக்க ஆண்டுகளில் கைக்கு வரும் பணமே வலிமையுடையது என்று கருதுகிறேன். கருநாடக வனத்துறையின் கிருஷி அரண்ய புரோத்சாக யோஜனை இவ்வழியில் அமைந்தது. நட்ட கன்றுகளில் பிழைத்தவற்றை எண்ணி, முதல் 3 ஆண்டுகளில் உழவருக்குப் பணம் தருவது அதன் முறை. ஆயினும், அந்த 3 ஆண்டுகளுக்குப் பிறகுதானே சந்தனத்துக்குக் காவல் மிகுதியாக வேண்டும்?