உபகுடும்பத்துக்கு ஒரு காணி: மன்னார் இளையோர் செய்ய வேண்டியவை

தெருவில் படுப்பவர் மட்டும்தான் வீடில்லாதவர் என்றில்லை. மன்னார்த் தீவில் தகப்பன் வீட்டு விறாந்தையைச் சீலை கட்டி மறைத்துக் குடும்பம் நடத்தும் இளசுகளும் வீடில்லாதவர்களே. போர் முடிந்தபின் வந்த வீட்டுத் திட்டத்தில் பெற்றோருக்கு ஒரு வீடு கிடைத்தது. அன்றைய பிள்ளைக்கு இன்று பிள்ளை இருக்கிறது. 1990 ஒக்ரோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன எருக்கலம்பிட்டி முஸ்லிம்களுக்கும் இதே கணக்குத்தான்: ஒரு வளவிலிருந்து போனவர்கள் பல குடும்பங்களாகப் பெருகிவிட்டார்கள். அலுவலகங்களில் இவர்களுக்குப் பெயர் 'உபகுடும்பம்'. கல்லும் சீமெந்தும் பிறகு, முதலில் கடதாசி.

1. தனிக்குடும்பமாகப் பதியுங்கள்
திருமணப் பதிவுச் சான்றிதழோடு விதானையாரிடம் போய்க் குடும்பப் பதிவைப் பிரித்து எழுதக் கேளுங்கள். வாக்காளர் இடாப்பிலும் அடையாள அட்டையிலும் அதே முகவரி இருக்கட்டும்.

2. இருக்கும் காணி எந்த வகை?
பனையோலைப் பெட்டிக்குள் மடித்து வைத்த காணித் தாளை விரித்துப் பாருங்கள். மடிப்புக் கிழிந்து, மை மங்கி, பாட்டனின் பெயர் மட்டும் தெரியும். அது உறுதியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வந்த அனுமதிப்பத்திரமா (பெர்மிட்), அளிப்பா? பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரிடம் காட்டிப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள்.

3. பின்னுரித்தாளரைப் பதியுங்கள்
பெர்மிட் காணியை உறுதிக்காணிபோல நினைத்தபடி துண்டாட முடியாது. உரியவர் உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளர் பெயரைப் பதிவது நல்லது. பதிந்தாலும், உரியவர் இறந்து ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் உரிமை கைநழுவலாம். பெயர் பதியாத இடத்தில் மகளைவிட மகனுக்கே முதலிடம் என்றிருந்த விதி 2022 திருத்தத்தோடு மாறியது. பெண் பிள்ளைகள் ஒதுங்கி நிற்க வேண்டாம்.

4. புதுக்காணிக்கு விண்ணப்பியுங்கள்
பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். காணிக் கச்சேரி (காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் விசாரணை) அறிவித்தல் ஒட்டப்படுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். கச்சேரிக்கு அசல் பத்திரங்களோடு நேரே போங்கள்.

5. கொட்டில் போடுமுன் எல்லை பாருங்கள்
உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே வீடு கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வங்காலைப் பக்கம் 2008இல் அறிவித்த சரணாலயமும், தலைமன்னார்ப் பக்கம் 2015இல் அறிவித்த ஆதாமின் பாலம் தேசியப் பூங்காவும் இருக்கின்றன. வெறுங்காணி என்று நினைத்து அத்திவாரம் வெட்டினால் கிடங்கும் கடனுமே மிஞ்சும்.

6. வீட்டுதவி கேளுங்கள்
காணிக் கடதாசி கைக்கு வந்ததும் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் நடப்பிலுள்ள திட்டங்களை விசாரித்துப் பெயரைப் பதியுங்கள்.

7. பதில் வராவிட்டால்
'என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது? பயனாளிகளைத் தெரிவுசெய்த புள்ளிமுறை என்ன?' என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பாகுபாடு என்று தோன்றினால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். வழக்கறிஞருக்குக் காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இவ்வளவுக்கும் முதல் வேலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் அந்தப் பெட்டியைக் கேளுங்கள்.