மகா ஓயாவைத் தாண்டுமுன்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீர்கொழும்புப் பாடசாலை ஒன்று உன்னைக் கூடைப்பந்துக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறது, விடுதி, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள், அம்மா வேண்டாம் என்கிறா, அப்பா வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். போகவா, உடப்பிலேயே இருக்கவா என்று என்னைக் கேட்கிறாய். போகிறதும் பிழையில்லை, இருக்கிறதும் பிழையில்லை, பிள்ளை. ஒரு ஆட்டத்தில் எத்தனை நிமிடம் உன்னைக் களத்தில் நிறுத்துவார்கள் என்று தெரியாமல் போவதுதான் பிழை. இந்தக் கடிதம் நீளமாக இருந்தால் அதற்குக் காரணம் அந்த நிமிடக் கணக்குத்தான்.

ஜோயல் எம்பீட் என்ற பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய். கமரூன் நாட்டின் யாவுண்டே நகரத்தில் 1994இல் பிறந்தவர். நீ வலைப்பந்தில் தொடங்கியது போல அவர் கரப்பந்திலும் உதைபந்திலும் தொடங்கியவர். கூடைப்பந்தைக் கையில் எடுத்தபோது வயது 15. அதே நாட்டைச் சேர்ந்த லுக் ம்பா மூத்தே என்ற தொழில்முறை வீரர் ஒரு பயிற்சி முகாமில் அவரைக் கண்டு, அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள மொன்ட்வேர்ட் அகடமிக்குப் போக வழி செய்தார். அமெரிக்கப் பாடசாலைக் கூடைப்பந்தில் அதைவிடப் பெரிய பெயர்கள் அதிகம் இல்லை. ஆனால் அங்கே அவருக்கு ஆட இடம் கிடைக்கவில்லை. ஆட்டம் சரியில்லை என்று முதல் நாள் பயிற்சியிலேயே தன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு வருடம் பெரும்பாலும் வாங்கிலேயே கழிந்தது. பிறகு அதே மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகரில் இருந்த 'த ரொக் ஸ்கூல்' என்ற சின்னப் பாடசாலைக்கு மாறினார். அங்கே நின்று ஆடினார். அந்தப் பருவத்தில் அணி 33 ஆட்டம் வென்று 4 தோற்று மாநிலக் கிண்ணத்தை எடுத்தது. கன்சாஸ் பல்கலைக்கழகம் அவரை எடுத்தது அதற்குப் பிறகுதான். 2014இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் புது வீரர் தெரிவில் மூன்றாவது இடம், 2023இல் லீக்கின் அதிமதிப்பு வீரர்.

பெரிய பாடசாலையிலிருந்து சின்னப் பாடசாலைக்கு இறங்கி வந்ததுதான் எம்பீட்டின் பாடசாலை வாழ்க்கையில் நல்ல மாற்றம். எங்கள் ஊர்களில் மாற்றம் என்றாலே ஏறிப் போவது என்று நினைக்கிறோம். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதே லீக்கின் டேமியன் லில்லார்டும் இதே வழியில் வந்தவர்தான். கலிபோர்னியாவில் முதலில் படித்த பாடசாலையை விட்டு, அலமேடாவில் பெயர் பெற்ற கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றுக்குப் போனார். அங்கே ஆட்டநேரம் கிடைக்காததால், பிறந்து வளர்ந்த நகரத்தின் ஓக்லண்ட் உயர்நிலைப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தார்.

ஏறிப் போய் வென்றவர்களும் உண்டு. கூப்பர் ஃபிளாக் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் மாநிலத்து நியூபோர்ட் என்ற சின்ன ஊர்க்காரர். ஊர்ப் பாடசாலையை 2022இல் மாநில வெற்றியாளர் ஆக்கிவிட்டு, இரட்டைச் சகோதரனோடு அதே மொன்ட்வேர்ட்டுக்குப் போனார். 2024இல் அந்த அணி ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. 2025இல் லீக்கின் தெரிவில் அவர்தான் முதலாவது. ஒரே பாடசாலை எம்பீட்டை வாங்கில் இருத்தியது, ஃபிளாக்கை உச்சத்துக்குத் தூக்கியது. ஃபிளாக் போகும்போதே ஆட்டம் முதிர்ந்திருந்தது. போன நாளிலிருந்து அவருக்கு வேலை இருந்தது. எம்பீட் அப்போதுதான் பந்து தட்டப் பழகிக்கொண்டிருந்தார். நீ இந்த இருவரில் யாருக்குக் கிட்ட என்று உன்னையே கேட்டுப் பார். பந்து எடுத்து எத்தனை நாள் என்று உனக்கே தெரியும்.

அந்தோனி டேவிஸ் போகாமலே வந்தவர். சிக்காகோவில் கணிதமும் விஞ்ஞானமும் முதன்மையாக நடக்கிற ஒரு பாடசாலையில் படித்தார். கூடைப்பந்துக்கு அதை யாரும் அறியமாட்டார்கள். 6 அடி 2 அங்குல உயரத்தில் பந்து கொண்டு போகிற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர், பாடசாலை முடிவதற்குள் 6 அடி 10 அங்குலத்துக்கு வளர்ந்துவிட்டார். சின்னவனாக இருந்தபோது பழகிய பந்து தட்டலும் தூர எறிதலும் வளர்ந்த பிறகும் கூடவே இருந்தன. பெரிய பாடசாலை ஒன்று அவரை வளர்ந்த பிறகு எடுத்திருந்தால், நெட்டையன் என்று வளையத்துக்குக் கீழே நிறுத்தியே வைத்திருக்கும் என்பது என் எண்ணம். 2012இல் அவரும் தெரிவில் முதலாவது. உன் உயரத்தைப் பார்த்துத்தான் உன்னைக் கேட்கிறார்கள், பிள்ளை. உன்னை வளையத்துக்குக் கீழே மட்டும் நிறுத்துவார்களா, பந்து தட்டவும் பழக்குவார்களா? அதைக் கேள்.

எங்கள் நாட்டிலும் பாடசாலை மாற்றம் புதிதில்லை, கிரிக்கெட்டில்தான் அது வெளியே தெரிகிறது. லசித் மாலிங்க காலி வித்யாலோகவில் படித்துக்கொண்டிருந்தார். பழைய வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க கண்டுபிடித்த பிறகு மஹிந்த கல்லூரிக்குப் போனார். தினேஷ் சந்திமால் அம்பலாங்கொடை தர்மாசோகவிலிருந்து கொழும்பு ஆனந்தவுக்கு. பத்தும் நிசங்க களுத்துறையிலிருந்து இசிப்பத்தானவுக்கு. ஒருநாள் ஆட்டத்தில் இரட்டைச் சதம் அடித்த முதல் இலங்கையர் இந்த நிசங்கதான், 2024 பெப்ரவரியில். மாலிங்கவின் கதையில் எனக்குப் பிடித்தது, அவரைத் தெரிந்த ஒரு ஆசான் முன்னால் இருந்தது. பந்து வீசும்போது அவர் கை சுழலும் விதத்தை மாற்றாமல் விட வேண்டும் என்று புரிந்த ஆசான். கல்லூரியின் பெயர் அதற்குப் பிறகுதான்.

எங்கள் கரையோரத்திலேயே ஒருவர் இருக்கிறார். மாறவிலவுக்குப் பக்கத்துக் கட்டுனேரியாவில் பிறந்து, அந்த ஊர்ப் புனித செபஸ்தியார் கல்லூரியில் படித்த அசித்த பெர்னாண்டோ. 2022 மே மாதம் மிர்பூரில் பங்களாதேசுக்கு எதிராக ஒரே டெஸ்டில் பத்து விக்கெட் எடுத்தார். கொழும்புப் பெரிய பாடசாலை ஒன்றின் பெயரைச் சொல்லி அவரை யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. பெண் பிள்ளை ஒருத்தியின் கதை வேண்டும் என்றால் யாழ்ப்பாணத்து ஈவினையின் தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறா. 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற வலைப்பந்து அணிகளில் உயர்ந்து நின்றவ அவதான்.

சத்னாம் சிங்கையும் உனக்குச் சொல்லவேண்டும். பஞ்சாபின் பல்லோ கே என்ற கிராமத்துப் பையன். லூதியானா பயிற்சிக் கூடத்திலிருந்து 2010இல், 14 வயதில், புளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகடமிக்குப் போனார். ஆங்கிலம் தெரியாமல் போய் இறங்கினார். 2015இல் டல்லஸ் அணி அவரை 52ஆவதாகத் தெரிவு செய்தபோது இந்தியாவே கொண்டாடியது. அந்த லீக்கின் தெரிவில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். ஆனால் அங்கே ஒரு லீக் ஆட்டத்திலும் களம் இறங்க முடியவில்லை. புது மொழியில் பாடமும் புது ஆட்டமும் ஒரே நேரத்தில் தலையில் விழும்போது எந்தப் பிள்ளைக்கும் பாரம் அதிகம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி ஆட்டங்களை விட்டுவிடு, போட்டியில் ஆடுகிற 40 நிமிடத்தை எடு. பத்து நிமிடமாக நாலு பகுதி. களத்தில் ஐந்து பேர். அப்படியென்றால் ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் பங்கு போட 200 நிமிடம்தான் உண்டு. முதல் ஐந்து பேரும் ஆளுக்கு 30 எடுத்தால் 150 போய்விடும். மிச்சம் 50, அதைப் பங்கு போட ஏழு பேர். ஆளுக்கு ஏழு நிமிடம் என்பதும் கணக்கில்தான். உண்மையில் இரண்டு பேர் எடுத்துக்கொள்வார்கள், ஐந்து பேர் தண்ணீர்ப் போத்தல் பிடிப்பார்கள். இப்போது உங்கள் அணியில் நீ எத்தனை நிமிடம் ஆடுகிறாய்? முழு ஆட்டமும் என்று நினைக்கிறேன். கேட்கிறவர்களிடம் போன வருடத்துப் புள்ளித் தாள்களைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேள். பெயர்களுக்கு நேரே உள்ள கட்டங்களில், களம் இறங்கியவர்களுக்குப் பெருக்கல் குறி போட்டிருக்கும். தொடக்கத்திலேயே இறங்கிய ஐந்து பேரின் குறியைச் சுற்றி வட்டம் இருக்கும். தரம் 10, 11 பிள்ளைகளின் பெயருக்கு நேரே குறி இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று பார். ஐந்து தாள் பார்த்தால் அந்தப் பயிற்றுநரின் மனது தெரிந்துவிடும். வாயால் சொல்கிற வாக்குறுதியைவிட அந்தத் தாள் நேர்மையானது.

பிறகு படிப்பு. கொச்சிக்கடைப் பாலத்தில் மகா ஓயாவைத் தாண்டினால் நீ வடமேல் மாகாணத்தை விட்டு மேல் மாகாணத்துக்குள் போகிறாய். வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறுகிற போட்டி ஏணியில் உன் எதிரிகளே மாறிவிடுவார்கள். மாறி வந்த பிள்ளை உடனே அந்தப் பாடசாலைக்காக இறங்கலாமா, காத்திருக்க வேண்டுமா என்பதை அவர்கள் வாயால் கேட்டு நம்பாதே. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வலயக் கல்விப் பணிமனையில் உடற்கல்விக்குப் பொறுப்பானவரிடம் போய், இந்த வருடத்து விதிகளை எழுத்தில் கேள்.

தமிழ் மொழி மூலம் வகுப்பு அங்கே உயர்தரம் வரை இருக்கிறதா? நீ எடுக்க நினைக்கிற பாடப் பிரிவு அதில் இருக்கிறதா? சாதாரண தரத்துக்கு இன்னும் ஒரு வருடமும் சொச்சமும்தான். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டத்துக்கு என்று ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு மேல் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென்று ஒரு பங்கும் உண்டு. புத்தளம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நீர்கொழும்பு இருக்கிற கம்பஹா அதில் இல்லை. உயர்தரத்துக்கு முந்தின வருடங்களில் நீ எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாய் என்பது அங்கே கணக்கில் வரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்தப் பகுதியை அம்மாவோடு இருந்து வாசி. கூடைப்பந்துக்காக மாவட்டம் மாறிவிட்டு, சில புள்ளிகளில் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டால் அதை ஈடு செய்ய எந்தக் கிண்ணத்தாலும் முடியாது.

முழங்கால் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேள். பெண் பிள்ளைகளுக்குக் குதித்து இறங்கும்போது முழங்கால் நார் அறுவது பையன்களைவிட அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பழைய நிலைக்கு வர ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகலாம். அந்தக் காலத்தில் விடுதிக் கட்டில் உனக்கு இருக்குமா? ஆட முடியாத பிள்ளையை மூட்டை கட்டி அனுப்பிய ஒரு பாடசாலையை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பழைய பாடசாலைக்குத் திரும்பி வந்தபோது பாடத்திட்டத்தில் பாதி போயிருந்தது. உனக்கு அது நடக்கக்கூடாது.

எங்கள் உடப்பு ஆட்கள் தென்மேல் பருவத்தில் இந்தக் கடல் மூடினால் வலையையும் எடுத்துக்கொண்டு கிழக்கே வாடி போடப் போவார்கள். எந்தக் கரை, எந்தப் பாடு, பங்கு எவ்வளவு என்று பேசி முடிக்காமல் ஒருவரும் லொறியில் ஏறமாட்டார்கள். நீயும் பேசி முடித்துவிட்டு ஏறு.

நீ போனால் மிச்சம் இருக்கிற பிள்ளைகளையும் நினைக்கிறேன். அவர்களுக்காக நீ உன் வழியை அடைக்கவேண்டும் என்று சொல்லமாட்டேன். அந்தப் பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் வைப்பது அநியாயம். ஆனால் எனக்கு வலிக்கிறது. ஒரு நல்ல ஆட்டக்காரியை எடுத்துப் போகிற பாடசாலை, அந்தப் பிள்ளையை வளர்த்த ஆசிரியைக்கு ஒரு பந்து கூடக் கொடுப்பதில்லை. மட்டக்களப்பில் வேறு விதமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், புனித மைக்கேல் கல்லூரியில் இருந்த பிள்ளைகளையே வைத்துக் கொழும்பு அணிகள் அஞ்சுகிற அணிகளை உருவாக்கினார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் ஹேபர்ட் காணாமல் போனார்; கூட வந்த இளைஞனும் திரும்பவில்லை. ஒரு ஊரில் ஒரு ஆசான் நிலைத்து நின்றால் பிள்ளைகள் ஊரை விட்டு ஓடவேண்டியதில்லை என்று அவர் பெயரைக் கேட்கிற போதெல்லாம் நினைப்பேன். உங்கள் பாடசாலையில் அப்படி ஒருவர் இருக்கிறாவா? மாலையில் நின்று பயிற்சி தருகிற அந்த ஆசிரியை இன்னும் இரண்டு வருடம் இருப்பாவா, இடமாற்றம் வருமா? அவவிடமே கேள். இருப்பா என்றால் என் மனது உன்னை உடப்பில் வை என்கிறது, குறைந்தது சாதாரண தரம் முடியும் வரைக்கும். உயர்தரத்துக்குப் பாடசாலை மாறுவது எப்படியும் பல பிள்ளைகள் செய்கிற காரியம். அப்போது நீ இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்திருப்பாய், ஆட்டமும் முதிர்ந்திருக்கும், கேட்கிற பாடசாலைகளும் கூடியிருக்கும். அவ போகப்போறா என்றால் நீயும் யோசிக்கலாம்.

முடிவு எடுக்கும் வரை விடுகைப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதே. அது கைக்கு வந்துவிட்டால் பழைய இடத்தில் உன் பெயர் இருக்காது. கேள்விகளை ஒரு கொப்பித் தாளில் எழுதி, அவர்கள் அடுத்த முறை வரும்போது அப்பா கையால் கொடுக்கச் சொல். பதிலை எழுத்தில் தருகிறார்களா என்று பார்த்து, தந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. நானும் வாசிக்கிறேன்.

அன்புடன்,
மாமா